ஃப்ரிட்ஜ் பக்கம்

அவருடைய முகத்தை விட முதுகுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் நடுவில் வியர்வை நனைத்த நீளமான திட்டு, காலருக்கு மேலே நரைத்துச் சுருண்ட முடி. இப்போது சந்தாபுராவில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று சொல்கிறார்கள். நான் பார்த்த காலத்தில் பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து துணிக்கடைகளுக்குள் நுழையும் சந்தில், ஒரு மருந்துக்கடையின் வலது மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவரைவிட வயதானவர்களும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கடையின் கவுன்ட்டர் நீளமானது. சாலையைப் பார்த்த பக்கம் என்னுடையது. காய்ச்சல், குழந்தைக்கு சளி, பி.பி., தைராய்டு எல்லாம் அங்கே. வலது கோடியில், இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் தூணுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. ஆண்கள் அங்கே போவார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல தெருவைப் பார்த்தபடி நிற்பார்கள். அண்ணா எழுந்து போவார். போனதும் அவர்களுக்கு முதுகைக் காட்டி, அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "சொல்லுங்க" என்பார். அவர்கள் தெருவிடம் சொல்வார்கள். அவர் அலமாரியிடம் கேட்டுக்கொள்வார். பிறகு ஒரு கறுப்புக் கவர், திரும்பாமலே, தோளுக்குப் பக்கவாட்டில் பின்னால் நீளும். பணம் நீட்டும் கை மட்டும் அவர் தோளோரமாக முன்னால் வரும். அவ்வளவுதான் வியாபாரம்.

முதல் வாரம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. "ஏன் அண்ணா, அவங்க என்ன திருடங்களா? மூஞ்சியப் பாத்து குடுங்களேன்" என்றேன்.

"வர்றவன் ஏற்கனவே தலைய தொங்கப் போட்டுகினு வர்றான். நாம வேற நிமிந்து பாக்கணுமா? நக்கோ, வேணாம்" என்றார்.

இது அவர் கடைப்பிடித்த மரியாதை. யாரும் கற்றுக்கொடுத்ததல்ல, முதலாளி சொன்னதுமல்ல. ஒரு நாள் யாரோ ஒரு பெரியவர், கவரை வாங்கிக்கொண்டு, அண்ணாவின் முதுகைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் போனார். நான் பார்த்தேன். அண்ணாவுக்குத் தெரியாது.

அந்த மூலையில் யாரும் எதற்கும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. "பழைய மாதிரி இல்லண்ணா." "சீக்கிரமே ஆயிடுது." "மூடே வரல." "ஒரு மாதிரி வீக்கா இருக்கு." எனக்குப் பாதி காதில் விழும். பார்மஸி படித்தவள் என்பதால் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். ஆசை வராதது வேறு. ஆசை இருந்தும் விறைப்பு வராதது வேறு. வந்தும் நிற்காதது வேறு, முந்திவிடுவது வேறு. ஒன்றுக்குச் சர்க்கரை காரணமாக இருக்கும், இன்னொன்றுக்குக் குடியோ சிகரெட்டோ, மற்றொன்றுக்கு மனக்கவலை. சில சமயம் பி.பி.க்குப் போடும் மாத்திரையே காரணமாக இருக்கும். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான், நீல மாத்திரை. அலுவலகம் விடும் நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்பார்கள். ஊரிலுள்ள ஆண்கள் எல்லோருக்கும் இதுதான் வியாதியோ என்று தோன்றும். பார்த்துப் பார்த்துக் களைத்துப்போவேன்.

களைப்பு மட்டுமல்ல, எனக்குப் பயமும் இருந்தது. கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள், பார்மஸிஸ்ட் சான்றிதழில், தொங்கியது என் பெயர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா மர்பி டவுனில் பெயின்ட் அடிப்பவர். அந்தச் சட்டத்தை மாட்டிய நாளில் அம்மா வேலை செய்யும் வீட்டிலிருந்து நேராக வந்து, கண்ணாடியில் விரலை வைத்து, "இதுல எதும்மா உன் பேரு?" என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். அந்தக் கடையில் விற்கும் எந்த மாத்திரைக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்று உண்டு. அதைப் போடுகிறவர் நீல மாத்திரையையும் போட்டுவிட்டால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். இறங்கியது ஏறாமலே போகலாம். அதனால்தான் டாக்டர் சீட்டு இல்லாமல் நீல மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் பக்கம் சீட்டோடு வந்தவரை நான் பார்த்ததில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "பக்கத்துக் கடையில குடுக்கறாங்கம்மா, நாம குடுக்கலன்னா அங்க போவாங்க" என்றார். அண்ணாவிடம் சொன்னேன். "கேட்டுட்டுத்தாம்மா குடுக்கறேன்" என்றார்.

"என்னன்னு கேட்டீங்க?"

"ஒடம்பு நல்லாருக்கான்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னாங்க."

ஒரு முறை நானே கேட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் பையன். கழுத்தில் அடையாள அட்டை, விரலில் பளபளவென்று புது மோதிரம். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அண்ணா கவரை எடுக்கும்போது நான் என் இடத்திலிருந்தே, "சார், சுகர் இருக்கா? தூக்கம் சரியா வருதா? புதுசுல பயத்தாலயும் இப்படி ஆகும், இதுக்கு மாத்திர தேவையே படாது" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவன் திரும்பி என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். பிறகு கறிக்கடைப் பக்கமாக ஓடியே போய்விட்டான். ஹெல்மெட் கவுன்ட்டரில் கிடந்தது.

"பாவம்மா. இனிமே போலீஸ் புடிச்சான்னா அதுக்கும் நீதான் காரணம்" என்றார் அண்ணா.

மறுவாரம் அதே பையன் வந்து தூணோரம் நின்று கவர் வாங்கிப் போனதை நான் பார்த்தேன். ஆனால் ஹெல்மெட் அதே இடத்தில்தான் இருந்தது.

"அவனுதுதான அது? குடுக்கக் கூடாதா?" என்றேன்.

"அவன்தான்னு எனக்கு எப்டித் தெரியும்? மூஞ்சப் பாத்தாதானே."

அவரைத் திட்ட வேண்டும் என்று தோன்றும் போதெல்லாம் இப்படி ஏதாவது சொல்லி வைப்பார். இன்னொரு நாள் ஒரு கல்லூரிப் பையன், தூக்கத்தில் "எல்லாம் போயிடுது", உடம்பே கரைகிறது என்று அழாத குறையாகச் சொன்னான். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் வைத்தியர் நோட்டீஸ்களைப் படித்துப் பயந்தவன். அண்ணா அவனுக்கு பி காம்ப்ளெக்ஸ் கொடுத்து, "ரெண்டு மாசம் போடு, நோட்டீஸ் படிக்காத" என்று அனுப்பினார்.

"அவனுக்கு ஒண்ணுமே இல்ல அண்ணா. அது எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"நானும் அதான் குடுத்தேன். ஒண்ணுமில்லாத வியாதிக்கு ஒண்ணுமில்லாத மாத்திர. நீ சொன்னா நம்புவானா? மாத்திர சொன்னா நம்புவான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பயம் அப்படியேதான் இருந்தது.

என் பக்கத்து வாடிக்கையாளர்களில் லைனிங் கடைக்காரர் ஒருவர். அடுத்த சந்தில் ரவிக்கைக்கு வைத்துத் தைக்கும் லைனிங் துணி விற்பவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்க்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார். காலையில் தன் கடையைத் திறக்கும் முன் வந்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை என்னிடம் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "பாப்பா, என் பொண்டாட்டி போட்டோ கூட இந்தப் பையில இல்ல. இதுதான் இருக்கு. சாயந்திரம் வரைக்கும் நான் ஜீவந்தா இருக்கறதுக்கு நீதான் கேரண்டி, ஆயித்தா?" என்பார். அவர் வந்துபோனால் எனக்கு அந்த நாள் நன்றாகத் தொடங்கியது போல இருக்கும். என்னைப் படித்தவளாக மதித்துச் சந்தேகம் கேட்ட வெகு சில ஆண்களில் அவர் ஒருவர்.

ஒரு மாலை ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை. இன்சுலின் கெட்டுவிடப் போகிறதே என்று நான் எழுந்து அந்தப் பக்கம் போனேன். பொதுவாக நான் அங்கே போவதில்லை, அது அங்கே எழுதப்படாத சட்டம். தூணோரம் லைனிங் கடைக்காரர் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அண்ணாவின் கை கறுப்புக் கவரோடு பின்னால் நீண்டிருந்தது.

"அண்ணா, குடுக்காதீங்க!" என்றேன். நான் நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது. "அவரு நெஞ்சுக்கு மாத்திர போடறவரு. ரெண்டும் சேந்தா உயிருக்கே ஆபத்து."

கடையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். இரண்டு மூன்று ஆண்கள் இருந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். லைனிங் கடைக்காரர் என்னைப் பார்த்தார். காலையில் பாப்பா என்று கூப்பிட்ட அதே மனிதர்.

"எனக்கில்ல" என்றார். "தெரிஞ்சவரு ஒருத்தருக்கு."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அண்ணா அவசரமாகத் திரும்பினார். அவர் பார்த்தபோது கூட்டத்துக்குள் போகிற ஒரு முதுகு மட்டும்தான் மிச்சம்.

அண்ணா அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். கவர் இன்னும் கையிலேயே இருந்தது.

"இவருக்கு இதுக்கு முன்னாடி குடுத்திருக்கேனா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணா?"

"எனக்கும் தெரியலம்மா." கவரைக் கீழே வைத்தார். பிறகு, "இந்த மாதிரி எத்தினி பேருக்குக் குடுத்தேனோ. திடீர்னு வராம போயிடுவாங்க சில பேரு. சரியாயிடுச்சி போல, நல்லாருக்கட்டும்னு நெனச்சிக்குவேன்" என்றார். அன்று வந்த மற்றவர்கள் தூணோரம் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் முதல் லைனிங் கடைக்காரர் காலையிலும் வரவில்லை. நெஞ்சு மாத்திரைக்கு அவர் மனைவி வந்தார். "உங்க கடைக்குப் போகமாட்டேங்கறாருமா. என்ன சண்ட? பஸ் ஸ்டாண்டுக்கு அந்தாண்ட ஒரு கடைக்குப் போயிட்டு வர்றாரு, எதுக்குன்னா சும்னே, சும்மாதான்ங்கறாரு" என்றார். நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அந்தாண்டைக் கடையில் அவர் யாரென்று தெரியாது. அவருடைய சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. என் கண்ணெதிரே இருந்தவரை, யாரும் தடுக்க முடியாத இடத்துக்கு நானே அனுப்பிவிட்டிருந்தேன். சரியானதைத்தான் செய்தேன். ஆனால் அதனால் அவருக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்குத் தெரியவில்லை.

"நீ சொன்னது தப்பில்ல. சொன்ன எடம்தான்" என்றார் அண்ணா.

எனக்குக் கோபம் வந்தது. "வேற எடம் எங்க இருக்கு, சொல்லுங்க. டாக்டர்கிட்ட சொல்லமாட்டாங்க, வீட்ல சொல்லமாட்டாங்க. உங்க முதுகுகிட்டதான் சொல்வாங்க. அது திருப்பி ஒண்ணும் கேக்காது."

சாப்பாட்டு நேரத்தில் அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமல், "வா, போலாம்" என்றார். "எங்க?" என்றதற்கு, "அவரு கடைக்கு. நீ வெளிய நில்லு. உன்னப் பாத்தா எழுந்து போயிடுவாரு" என்றார்.

நான் எதிரே வளையல் கடையில் வாங்காத வளையல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லைனிங் கடை மேடை போல உயர்ந்தது. துணிக்கட்டுகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். அண்ணா ஏறி, செருப்பைக் கழற்றி, அவருக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் ஒரு துணியை விரித்துக் காட்ட ஆரம்பித்தார். அண்ணா அந்தத் துணியை மெதுவாக ஒதுக்கி வைத்தார். பிறகு வெகு நேரம் பேசினார்கள். தெருவின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் லைனிங் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்து அண்ணாவிடம் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அண்ணா அதை என்னிடம் நீட்டினார். நீல மாத்திரை அட்டை. ஒன்று குறைந்திருந்தது.

"போட்டாராமா?"

"போட்டாராம். அந்தாண்டக் கடையில வாங்கினது. அன்னிக்கே தல சுத்தி பாத்ரூம்ல விழுந்தாராம். வீட்ல பித்தம்னு சொல்லியிருக்காரு. நெஞ்சு வலி வரலையாம், அதனால நாக்கடி மாத்திர போடல. வந்திருந்தா போட்டிருப்பாரு." அண்ணா நின்றார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. "ஏன் சார் டாக்டர்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். சொல்றாரு, 'டாக்டர் கேக்கறாருப்பா, வேற ஏதாச்சும் பிரச்சனையான்னு. இந்தப் பக்கம் பொண்டாட்டி, அந்தப் பக்கம் மருமக ஃபைலப் புடிச்சிகினு நிக்கிறா. என்னத்த சொல்ல?'"

ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள் போனால் குடும்பமே உள்ளே போகும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதை அன்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கும் அதான்னு சொன்னேன்."

"சமாதானத்துக்கா?"

"இல்ல. சுகர் வந்ததுல இருந்து." என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். "உங்க அண்ணி இருந்தவரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. ரெண்டு பேரும் திரும்பிப் படுத்துக்குவோம்."

"ஒரு டாக்டரப் பாத்திருக்கலாமே அண்ணா. மாத்திரயாவது..."

"யாரப் போய் கேக்கறது? என்னையேவா?" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

நடந்துகொண்டே அவரிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த இடத்துக்குப் போகிற ரத்தக் குழாய் நெஞ்சுக்குப் போவதைவிடச் சன்னமானது, அதனால் அடைப்பு சில சமயம் அங்கேதான் முதலில் தெரியும், வெட்கப்பட வேண்டியதல்ல, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியது, சர்க்கரையும் இ.சி.ஜி.யும் பார்த்தே ஆக வேண்டும். கல்லூரியில் தேர்வுக்குப் படித்தது. இவ்வளவு நாளும் அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். "இத அவருக்கும் சொல்லணும்" என்றார். "நான் போனா கேக்கமாட்டாரு அண்ணா." "நீ வேணாம். ஆம்பள டாக்டர் எங்க இருக்காரு, அத மட்டும் சொல்லு. நாங்க ரெண்டு பேரும் போறோம். வீட்ல யாரையும் கூட்டிகினு போகமாட்டோம்."

மறுவாரம், நான் சொன்ன ஆஸ்பத்திரியின் ஆண்கள் பிரிவுக்குப் போக அவர் விடுப்பு எடுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் விடுப்பு எடுத்து யாரும் பார்த்ததில்லை என்று முதலாளி முணுமுணுத்தார். அன்று ஃப்ரிட்ஜ் பக்கத்தையும் நானே பார்த்துக்கொண்டேன். வந்தவர்கள் அண்ணா இல்லையா என்று கேட்டுவிட்டுத் தலைவலி மாத்திரை வாங்கிப் போனார்கள். ஒருவரிடம், "நெஞ்சுக்கு ஏதாவது மாத்திர போடறீங்களா?" என்று கேட்டேன். "நாளைக்கு வரேன்" என்றார்.

மதியம் போன் வந்தது. பின்னணியில் யாரோ கன்னடத்தில் டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எங்கள கூப்பிடலம்மா. லேட்டாகும் போல. ஹால் முழுக்க ஆம்பளைங்க. எல்லாரும் தனியாத்தான் வந்திருக்காங்க."

"லைனிங் கடைக்காரர் எப்படி இருக்காரு?"

"ரெண்டு தடவ எழுந்து போறேன்னாரு. உக்கார வெச்சிட்டேன். ரெண்டு மாத்திர பேரையும் டாக்டர்கிட்ட நானே சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அப்புறந்தான் உக்காந்தாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு சொல்லட்டா? நம்ம கஸ்டமருங்க நெறய பேரு இங்கதான் இருக்காங்கம்மா."

"மூஞ்சியே பாத்ததில்லன்னீங்க, எப்படித் தெரியும்?"

"மூஞ்சி ஒண்ணும் தெரியல. காசு நீட்டின கையிங்க தெரியுது. கட்ட வெரல் நசுங்கின ஒருத்தரு, பச்சக் கல்லு மோதரம் போட்டவரு, சுண்ணாம்புக் கற போகாத பாய் ஒருத்தரு... எங்கடா போயிட்டாங்கன்னு பயந்துகினு இருந்தேனே, இங்க உக்காந்திருக்காங்க. எல்லாரும் இல்ல. பாதிப் பேராவது இருக்காங்க."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"மீதிப் பேரு?" என்று அவர்தான் கேட்டார்.

அதற்குள் அங்கே இவர்களுடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். "எழுந்திருங்க சார், நம்மளத்தான்" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது.